மூலை வெட்டிய கடவுச்சீட்டு

1

நேற்று புதன்கிழமை, தபாலில் எனது புதிய கடவுச்சீட்டு வந்தது. அதே உறையில் பழையதும் இருந்தது. பழையதன் அட்டையில் ஒரு மூலையைக் கத்தரித்து, உள்ளே இரத்துச் செய்யப்பட்டது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலைக்குப் புறப்படும் நேரம் தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வருடத்தில் நான் வேலைக்குப் பிந்திப் போனது நேற்று இரண்டாவது முறை.

இன்றோடு, என் மனைவி சுமதிக்கும் மகள் தர்ஷினிக்கும் அமெரிக்காவில் குடியேறும் விசா கேட்டு நான் மனுப் போட்டு நான்கு வருடம் நிறைகிறது. அவர்கள் இன்னும் வரவில்லை. வருவார்களா என்பதும் தெரியவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய வீட்டிலும் யாராவது எம்பசிக் கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். என் மேசையில் உள்ளதைப் போன்ற ஒரு மூலை வெட்டிய புத்தகத்தால் எங்களுக்கு நடந்ததை, என் நாட்குறிப்பைப் பார்த்து, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

2

நான் இலங்கையின் மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே தேயிலை பெக்டரி ஒபிசில் பதினொரு வருடம் பதிவுப் புத்தகம் எழுதினேன். விசா லொத்தரில் பெயர் விழுந்து, முப்பத்தாறாவது வயதில் தனியாக ஒஹாயோவுக்கு வந்தேன். நான்கு வருடம் கழித்து லீவில் போய்ச் சுமதியைக் கல்யாணம் செய்தேன். எங்களுக்கு ஒரு மகள். இப்போது எட்டு வயது. ஹட்டனில் படிக்கிறாள். சுமதி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எழுபத்தெட்டு வயதான என் அப்பா அவர்களோடு அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறார். அம்மா இல்லை.

இங்கே எனக்கு ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. பெட்டிகளின் காலாவதித் திகதியைச் சரிபார்த்து, காலம் முடிந்ததை ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதை நானே அழித்துவிட முடியாது. என் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவருடைய கையெழுத்தும் வேண்டும். முதல் வாரத்தில் மேலாளரிடம் கேட்டேன், பயனில்லாத பொருளுக்கு ஏன் இத்தனை காவல் என்று. யாராவது பிறகு வந்து கேட்பார்கள் என்றார். அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதிவைத்திருக்கிறேன். எழுதியதோடு சரி.

சுமதிக்கு இருபத்தேழு படிகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்து அனுப்பினேன். அதை அவள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தாள். ஒன்பதாவது படி, காலம் முடியப்போகும் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது. பத்தாவது, அவள் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்த வளைகுடா நாட்டிலிருந்து பொலிஸ் சான்றிதழ் எடுப்பது. அந்த நாட்டுக்குப் போனதும், இருந்ததும், ஒழுங்காகத் திரும்பி வந்ததும் அவளுடைய பழைய கடவுச்சீட்டில் முத்திரைகளாக இருந்தன. எனவே பத்தாவதை முதலில் செய்திருக்க வேண்டும். ஒன்பதைப் பத்துக்கு முன்னால் எழுதியவன் நான். மனுவோடு சேர்ப்பதற்காக அவளுடைய படம் இருக்கும் பக்கத்தை மட்டும் பிரதி எடுக்கச் சொன்னவனும் நான். பட்டியலில் அந்த வரிக்கு எதிரே, மற்றப் பக்கங்கள் தேவையில்லை என்று அடைப்புக்குள் எழுதியிருக்கிறேன்.

3

சுமதி கண்டிக்குப் போய்ப் புதிய கடவுச்சீட்டை வாங்கிவந்தது இரண்டு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் எனக்குக் காலை ஏழு மணி, அங்கே பின்னேரம். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அப்பா அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். இருமும் சத்தம் கேட்டது.

"ரெண்டையும் குடுத்துட்டாங்க. பழசோட மூலைய வெட்டிட்டாங்க" என்றாள் சுமதி.

"அப்படித்தான் செய்வாங்க. இனிமே பழசு செல்லாது. யார் கேட்டாலும் புது நம்பரத்தான் குடுக்கணும். பழைய நம்பர மறந்துடு."

"பாரத்துல பழைய நம்பர்ல்ல இருக்கு?"

"அத நான் மாத்துறேன். நீ பழசப் பத்தி யோசிக்காத."

இந்த வார்த்தைகளை அன்று இரவே நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருந்தேன். தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியில் எழுதியது.

அந்த வாரமே விசா அலுவலகத்துக்குப் புதிய எண்ணைத் தெரிவித்து, புதிய பக்கத்தின் பிரதியையும் அனுப்பினேன். பதினேழு நாளில் பதில் வந்தது. எண் மாற்றப்பட்டது, நேர்முகத்துக்குப் பழைய, புதிய கடவுச்சீட்டுகள் இரண்டையும் கொண்டுவரவும். இரண்டே வரி. நான் உடனே சுமதியை அழைத்தேன்.

"பழைய பாஸ்போட்ட எங்க வச்சிருக்க?"

"அலுமாரியிலதான். இருங்க, பாக்குறேன்."

அலுமாரி திறக்கும் சத்தம். பைகள் இழுபடும் சத்தம். பிறகு அவள் அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அப்பா பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சுமதி போனை எடுத்துக்கொண்டு வெளியே, இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்துதான் பேசினாள்.

"என்னங்க, கோவப்படாதீங்க. மாமா அத அடுப்புல போட்டுட்டாங்களாம்."

"எப்ப?"

"நீங்க செல்லாதுன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கே."

4

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. எனக்குத் தெரியும்.

அப்பாவின் அப்பா, இந்தியாவும் இலங்கையும் தோட்ட மக்களைப் பங்கு பிரித்த ஒப்பந்த காலத்தில், இந்தியாவுக்குப் போகிறோம் என்ற பாரத்தில் கைநாட்டு வைத்தவர். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. லயத்தில் எல்லாரும் வைத்தார்கள், அவரும் வைத்தார். குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அப்பாவின் அண்ணன் கப்பலேறிப் போனார். அப்பா போவதற்குள் போர் வந்து கப்பல் நின்றுவிட்டது. அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் அப்பா தான் பிறந்த தோட்டத்திலேயே இந்தியராக வாழ்ந்தார். பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்டினால் உன் ஊருக்குப் போ என்றார்கள். காட்டாவிட்டால் கடதாசி இல்லாத ஆள் என்று இறக்கிவிட்டார்கள். அப்பா இரண்டு முறை ஒரு இரவு முழுக்க உள்ளே இருந்திருக்கிறார்.

கடைசியில் இலங்கைப் பிரஜை என்ற கடதாசி அவர் கைக்கு வந்தபோது நான் பெக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று பின்னேரம் அப்பா அந்த இந்தியப் புத்தகத்தை அடுப்பில் வைத்தார். அட்டை தடிப்பாக இருந்ததால் லேசில் பிடிக்கவில்லை. ஈட்டியால் குத்துவதைப் போல விறகுக் குச்சியால் குத்திக் குத்தி எரித்தார்.

"எதுக்குப்பா? இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"ரெண்டு இருந்தா எது ஒன்னோடதும்பான். எதச் சொன்னாலும் அதுக்கு ஒரு கேள்வி வச்சிருப்பான்" என்றார்.

எங்கள் லயத்தில் அந்தப் புத்தகத்தை எரித்தவர் அவர் மட்டுமல்ல. அந்த வாரம் நான்கைந்து வீட்டில் அதே வாடை வந்தது. இதையெல்லாம் பார்த்து, எழுதியும் வைத்த நான்தான், அவர் காதுபட, பழசு செல்லாது, மறந்துவிடு என்று சொன்னேன். பட்டியலில் இருபத்தேழு படி இருந்தது. பழையதைப் பத்திரப்படுத்தவும் என்று ஒரு வரி இல்லை. ஒபிசில் வேலை செய்த எனக்கு அது சொல்லாமலே தெரிகிற விஷயம் என்று பட்டது.

5

அடுத்த மூன்று நாள் நான் யோசித்தேன். அரசாங்கப் புத்தகத்தை எரித்தார் என்று எழுதிக்கொடுத்தால் அப்பாவை விசாரிப்பார்கள். நான்காம் நாள் சுமதியிடம் சொன்னேன், ஹட்டன் பொலிசுக்குப் போய், பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று முறைப்பாடு செய்யச் சொல்லி.

"பொய்யில்லையா?" என்றாள்.

"அப்பாவ இழுக்க வேணாம்ல."

அவள் போனாள். பொலிசில் சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, பிரதியை வாங்கிவந்தாள். அன்று என் நாட்குறிப்பில், பழைய கடவுச்சீட்டுத் தொலைந்தது பற்றி முறைப்பாடு செய்யப்பட்டது என்று இருக்கிறது. அந்தக் குறிப்புப் புத்தகங்களில் நான் தெரிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான்.

பிறகு வளைகுடாப் பொலிஸ் சான்றிதழுக்காக ஹட்டனில் அந்த வேலைகளைச் செய்து கொடுக்கும், நானா என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கடைக்குப் போனாள். அவர் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"தங்கச்சி, இது மூஞ்சிதானே. மூஞ்சி எங்க போச்சு, எப்ப வந்துச்சுங்கிறது மத்தப் பக்கத்துலல்லவா இருக்கும்?"

"அது தொலைஞ்சிருச்சு நானா."

"மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்காரு, பெரிய எழுத்துக்காரருன்னு சொன்னீங்க. ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கக் கூடாதா? எங்க ஊட்டுல மாட்டுக் கொட்டில் உறுதிப் பத்திரத்துக்கே நாலு பிரதி இருக்கு."

சுமதி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். நானா தன்னால் முடிந்ததைச் செய்தார். எழுதிப் போட்டார், ஆள் பிடித்தார். விசாப் பக்கம் இல்லாமல் சான்றிதழ் தர முடியாது என்று அந்த நாட்டிலிருந்து இரண்டு தடவை பதில் வந்தது.

6

நேர்முகம் சென்ற வருடம் கொழும்பில் நடந்தது. சுமதி தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் ரயிலில் போய், ஒரு தெரிந்த வீட்டில் தங்கி, காலை ஏழரைக்கு வரிசையில் நின்றாள். நான் இங்கே விழித்திருந்தேன். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் அவள் போன் வந்தது.

"வெள்ளையா ஒரு கடுதாசி குடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு மூணு கேட்டிருக்காங்க."

"பழைய பாஸ்போட்டப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எப்படித் தொலைஞ்சதுன்னு."

"என்ன சொன்ன?"

"எரிச்சுட்டாங்கன்னு சொன்னேன்."

பின்னால் பஸ்கள் ஹோன் அடித்தன. அவள் வீதியோரத்தில் நின்றிருந்தாள்.

"மொதல்ல கைய தூக்கச் சொன்னாங்க. உண்மையத்தான் சொல்லுவேன்னு சொல்லச் சொன்னாங்க, தமிழ்லயே. பக்கத்துல புள்ளையும் கைய தூக்கிக்கிட்டு நின்னா, அவள யாரும் தூக்கச் சொல்லல. அதுக்குப் பொறகு எப்படிங்க பஸ்ஸுல தொலைச்சேன்னு சொல்றது?"

அவள் செய்தது சரி. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த அதிகாரியின் மேசையில் தொலைந்தது என்று ஒரு பொலிஸ் கடதாசியும், எரிக்கப்பட்டது என்று ஒரு வாய்மொழியும் இருந்தன. ஒரே புத்தகத்துக்கு இரண்டு கதை. அவர்கள் கேட்டவை மூன்று. வளைகுடாச் சான்றிதழ், அல்லது அது கிடைக்காததற்கு ஆதாரம். பொலிசில் ஏன் வேறு விதமாகச் சொன்னாள் என்ற விளக்கம். எரித்தவர் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி.

அப்பாவை இழுக்கக் கூடாது என்று நான் சொன்ன பொய், நேரே அப்பாவிடம்தான் போய் நின்றது.

7

சத்தியக்கடதாசியை நானே இங்கிருந்து எழுதி அனுப்பினேன். இன்னார் மகன் இன்னாராகிய நான், என் மருமகளின் காலம் முடிந்த கடவுச்சீட்டை, அது இனித் தேவைப்படாது என்று நம்பி, அவருக்குத் தெரியாமல், இன்ன நாளில் எரித்தேன். ஒன்பது வரி. என் அப்பாவைப் பற்றி நான் எழுதியதில் இதைவிடச் சரியானதும் கொடூரமானதும் இல்லை.

சுமதி அவரை ஹட்டனில் ஒரு சமாதான நீதவானிடம் கூட்டிப்போனாள். ஓய்வுபெற்ற ஆசிரியர். முன்னறையில் ஒரு மேசை, முத்திரைப் பெட்டி. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியும். என்றாலும் நீதவானை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்தவுடன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பேனையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாராம்.

"ஐயா, இதுல கையெழுத்துப் போட்டா என்னைய எங்க அனுப்புவாங்க?"

நீதவான் சிரித்திருக்கிறார். "உங்கள எங்கயும் அனுப்ப மாட்டாங்க பெரியவரே. உங்க மருமகளத்தான் அனுப்புவாங்க."

"அப்பச் சரி" என்று சொல்லி அப்பா கையெழுத்துப் போட்டார். பேனையின் மூடியைத் தானே போட்டு மூடி, மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து மதில் ஓரமாக உட்கார்ந்தாராம்.

"டீ வாங்கித் தரவா மாமான்னு கேட்டேன். வேணாம் தாயி, போற வழியில வவுறு கலக்கும்னாங்க. வீட்டுக்குத்தான போறோம்னேன். ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றாள் சுமதி.

கடதாசிகள் எல்லாம் தூதரகத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் கணினியில் பார்க்கிறேன். பரிசீலனையில் உள்ளது. எட்டு மாதமாக ஒரு எழுத்தும் மாறவில்லை.

8

தர்ஷினி என்னோடு அதிகம் பேசுவதில்லை. அவள் பிறந்த பிறகு நான்கு தடவைதான் ஊருக்குப் போயிருக்கிறேன். போனைக் கையில் கொடுத்தால், சாப்பிட்டேன், படிச்சேன், அம்மாகிட்ட குடுக்கவா என்பாள். முன்பெல்லாம் ஏரோப்பிளேனில் ஜன்னல் பக்கம் யாருக்கு என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஒன்று சொன்னாள்.

"அப்பா, தாத்தா ஊருக்குப் போகப் போறாங்களா?"

"எந்த ஊருக்கு?"

"தெரியல. பை கட்டி வச்சிருக்காங்க. அம்மா பிரிச்சு வச்சா திரும்பக் கட்டுறாங்க."

சுமதியைக் கேட்டேன். எனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றே அப்பா ஒரு பையைக் கட்டியிருக்கிறார். இரண்டு சாரம், ஒரு கம்பளி, ஸ்வெட்டர், இருமல் மருந்து, சவர்க்காரம், தேசிய அடையாள அட்டை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மூன்று தடவை அவள் பிரித்து அலுமாரியில் வைத்திருக்கிறாள். மூன்று தடவையும் காலையில் பை ஆணியில் இருந்தது. அடுப்படிக்கும் அவர் இப்போது போவதில்லையாம். ஜனவரிக் குளிரில்கூட இஸ்தோப்பில், வீதி தெரியும் பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாராம்.

இன்று காலை அப்பாவை அழைத்தேன். அவரிடம் கொடு என்று சொன்னவுடன் சுமதி ஸ்பீக்கரில் போடாமல் கையிலேயே கொடுத்தாள்.

"அப்பா, அந்தப் பை எதுக்கு?"

"அது சும்மா தொங்குதுப்பா. வந்து கூப்புட்டா காக்க வைக்கக் கூடாதுல்ல."

"யாரும் வர மாட்டாங்கப்பா. அது வெறும் விளக்கம். நான்தான எழுதுனேன்."

"நீ எழுதுன, சரி. கையெழுத்து என்னோடதுல்ல?"

அவரே வேறு பேச்சுக்கு மாறினார்.

"ஒனக்குப் புது பாஸ்போட்டு வந்துருச்சாம்ல. சுமதி சொன்னா."

"நேத்து வந்துச்சுப்பா."

"பழசு?"

"அதுவும் இருக்கு. மேசையில வச்சிருக்கேன்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. இஸ்தோப்புக்குக் கீழே யாரோ கொழுந்துக் கூடையை இறக்கினார்கள் போலிருக்கிறது, பேச்சுக் குரல்கள். அப்பா வாயைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து, மெதுவாகச் சொன்னார்.

"யாராச்சும் கேட்டா, எங்கப்பன்தான் வச்சுக்கச் சொன்னான்னு சொல்லிரு. நான் ஏற்கனவே கையெழுத்துப் போட்ட ஆளு. ஒரு குத்தத்துக்குன்னாலும் ரெண்டு குத்தத்துக்குன்னாலும் அதே பைதான்."